சர்க்கார் வரைபடமும் சனங்களின் கால்தடமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் மக்களின் பழமொழி. அதற்காக ஏட்டையே கிழித்துப் போடு என்று எவரும் சொன்னதில்லை. ஏட்டில் எழுதியிருப்பதைத் தோட்டத்தில் போய்ப் பார்த்துக்கொள் என்பதுதான் அதன் பொருள். வரைபடங்களைப் பற்றி இன்று உலகெங்கும் நடக்கும் ஒரு விவாதத்துக்கு இந்தப் பழமொழியே போதிய முகவுரை.

விவாதம் என்ன? சாதாரண மக்களே கூடித் தங்கள் ஊரின் வரைபடத்தைத் தயாரிக்கும் இயக்கம் ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வருகிறது. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் பொது வரைபடம் அதில் பெரியது. அந்த நாட்டின் நில அளவைத் துறை, தலைமுறை தலைமுறையாக அளந்து வைத்திருந்த படங்களைக் காசுக்குத்தான் கொடுத்தது, கட்டுப்பாடுகளும் ஏராளம். அப்படியானால் நாமே நடந்து, நாமே குறித்துக்கொள்வோம் என்று கிளம்பியவர்களின் உழைப்பு அது. எவரும் அதைப் பார்க்கலாம். எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எவரும் அதில் தன் தெருவைச் சேர்க்கலாம். விலை கிடையாது.

அந்த இயக்கத்துக்குள் எழுந்த கேள்விதான் நம் கேள்வியும். சர்க்காரிடம் தயாராக இருக்கும் சாலைப் பட்டியலையும் எல்லைக் கோடுகளையும் கட்டடக் கணக்கையும் மொத்தமாக இறக்கி, படத்தை ஒரே மூச்சில் நிரப்பிவிடலாமா? அல்லது தெருவில் வாழ்கிறவன் தெருத் தெருவாகக் குறிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

பனியன் தொழிலாளிக்கு இது எதற்கு?

பஞ்சப்படிக்காக 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் திருப்பூர். பீஸ் ரேட், போனஸ், பி.எஃப். என்று போராட வேண்டியவை இன்னும் மலைபோல் கிடக்கும்போது வரைபடமும் ஒரு பிரச்சினையா என்று தோழர்கள் கேட்கலாம். ஆம், பிரச்சினைதான்! எப்படியென்று பார்ப்போம்.

நள்ளிரவில் ஒரு தொழிலாளியின் மனைவிக்குப் பிரசவ வலி எடுக்கிறது. 108 வண்டி புறப்படுகிறது. மங்கலம் சாலைவரை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், பழைய செக்கிங் கம்பெனியை ஒட்டிய சந்தில், இரண்டாவது லைனில் மூன்றாவது வீடு. அவனுக்குத் தெரியும், அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. காகிதத்தில் அந்த இடம் இன்னும் புஞ்சைக் காடு! வண்டிக்காரர் சாலை ஓரத்தில் நின்று போன் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பத்து நிமிடத்துக்கு யார் பொறுப்பு?

திருப்பூர் மாநகராட்சியின் எல்லை 2011-ல் விரிந்தது. 15 வேலம்பாளையமும் நல்லூரும் சுற்றுப்புற ஊராட்சிகளும் சேர்ந்து 60 வார்டுகள் ஆயின. நாட்டில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கு எடுத்து முடித்ததும் அதே 2011-ல்தான். 2021-ல் நடந்திருக்க வேண்டியதை நடத்தாமல் 2027-க்குத் தள்ளினார்கள். இந்த இடைக்காலத்தில் எத்தனை லைன் வீடுகள் எழுந்தன! எத்தனை காம்பவுண்டுகள், எத்தனை ஷெட்டுகள்! பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இங்கே வியர்வை சிந்துகிற தொழிலாளர் எத்தனை பேர்! 2011-ல் தைத்த சட்டையை இன்றைய உடம்பில் மாட்டினால் பொத்தான் போட முடியுமா?

அளவுத்தாளும் துணியும்

நம் கட்டிங் மாஸ்டர்களைக் கேளுங்கள். வெளிநாட்டு வியாபாரி அளவுத்தாள் அனுப்புகிறான். மார்பு இவ்வளவு, உயரம் இவ்வளவு, கை இவ்வளவு என்று அதில் இருக்கிறது. அந்தத் தாள் இல்லாமல் வேலை தொடங்காது. ஆனால் தாளை மட்டும் நம்பி எந்த மாஸ்டராவது துணியில் கத்தி வைப்பாரா? பின்னல் துணி துவைத்தால் சுருங்கும். இந்த லாட் அகலத்தில் எவ்வளவு சுருங்கும், நீளத்தில் எவ்வளவு சுருங்கும் என்று ஒரு துண்டை வெட்டித் துவைத்துப் பார்த்து, அதற்குத் தக்கபடி கூட்டி வைத்துத்தான் வெட்டுவார். பாராமல் வெட்டினால் அத்தனை பீஸும் செகண்ட்ஸ். காதர்பேட்டைக் கடைகளில் வந்த விலைக்குப் போகும்.

சர்க்கார் தகவல் என்பது அளவுத்தாள். ஊர் என்பது துணி. துணியைத் தொட்டுப் பாராமல் வெட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி.

2007, 2008 ஆண்டுகளில் அந்த நாட்டுத் தொண்டர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ‘டைகர்’ என்ற பெயரில் வைத்திருந்த சாலைத் தகவலை அப்படியே பொது வரைபடத்தில் இறக்கினார்கள். வெறுமையாகக் கிடந்த ஒரு கண்டம் கோடுகளால் நிரம்பியது. பார்த்தவர்கள் பூரித்தார்கள். பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. பண்ணைக்குள் போகும் தனிவழி ஊர்த் தெருவாகப் பதிந்திருந்தது. இல்லாத சாலை இருந்தது. வளைந்த சாலை நேராக இருந்தது. பல சாலைகள் உண்மையான இடத்தைவிட்டுத் தள்ளிக் கிடந்தன. ஏன்? கணக்கெடுப்புக்காரனுக்கு எந்த வீடு எந்தத் தெருவின் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். அவன் தேவைக்கு அந்தக் கோடு சரி. வண்டி ஓட்டுகிறவனுக்கு அது போதுமா? போதாது. அன்று இறக்கிய பிழைகளைத் திருத்தும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது.

இதில் ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு சர்க்கார் தகவலும் ஒரு நோக்கத்துக்காகப் பிறந்தது. 1802-ல் சென்னைப் பரங்கிமலையில் லாம்டன் என்ற வெள்ளைக்காரத் துரை சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினாரே, நம் மக்களுக்குப் பாதை காட்டவா அளந்தார்? கம்பெனி ஆட்சிக்கு நாட்டின் நீள அகலம் தெரிய வேண்டும். படை நடத்தவும் வரி வாங்கவும் அது உதவ வேண்டும். தாசில்தார் காரியாலயத்துப் புலப்படம் வரிக்காகப் பிறந்தது. கணக்கெடுப்புப் படம் தலை எண்ணப் பிறந்தது. தொழிலாளியின் வீட்டுக்கு வழி சொல்ல எந்தப் படம் பிறந்தது? அதை அவன்தான் பெற்றெடுக்க வேண்டும்!

அமெரிக்க அனுபவத்தில் இன்னொரு நஷ்டமும் உண்டென்று அந்த இயக்கத்தார் பலர் கருதுகிறார்கள். நிரம்பிய படத்தைப் பார்த்தவன், வேலை முடிந்துவிட்டது என்று திரும்பிப் போய்விடுகிறான். ஜெர்மனியில் பெரும்பகுதி வேலையைத் தொண்டர்கள் நடந்தும் சைக்கிளில் சுற்றியும் செய்தார்கள். அங்கே படம் வளர்ந்தது; படம் போடும் கூட்டமும் கூடவே வளர்ந்தது. காவலுக்கு ஆள் இல்லாத தோட்டத்தில் எவ்வளவு விதைத்து என்ன பயன்?

நம் நாட்டின் கதை என்ன? 2007-ல் ஏ.என்.டி. என்ற நெதர்லாந்துக் கம்பெனி, தன்னிடமிருந்த இந்திய நெடுஞ்சாலைத் தகவலை இந்தப் பொது வரைபடத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது. நெடுஞ்சாலைகள் வந்தன. நம் சந்து வந்ததா? இட்டேரி வந்ததா? நெதர்லாந்துக்காரனுக்கு இட்டேரி என்றால் என்னவென்று யார் சொல்வது? இருபுறமும் கிளுவை வேலி நிற்க, காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே போகும் வழி என்று கொங்கு நாட்டான்தான் சொல்ல வேண்டும். மற்ற ஊரில் பள்ளம் என்றால் குழி. நம் ஊரில் பள்ளம் என்றால் மழைநீர் ஓடும் ஓடை. சங்கிலிப்பள்ளம் என்ற பெயரை வெளியூர் குமாஸ்தா குழி என்று எழுதி வைத்தால் என்ன ஆகும்? குழியை மூடலாம்; ஓடையை மூடலாமா?

மூடினார்கள், தோழர்களே! ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளமும் நல்லாறும் நொய்யலில் சேருமிடங்களில் எவ்வளவு அகலம் இருந்தன என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 2011 நவம்பரில் கொட்டிய மழையில் ஓடைகள் பொங்கித் திருப்பூரில் உயிர்களைக் கொண்டு போயின. பலியானவர்கள் யார்? பங்களாவாசிகளா? கரையோரத்து ஏழைகள்! தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் வரும், எந்தப் பாலம் முதலில் முழுகும் என்பது கரையில் வாழ்கிறவளுக்குத் தெரியும். அந்த அறிவு எந்த சர்க்கார் கோப்பில் இருக்கிறது?

நீலக் கோடு சொல்லாத சேதி

ஒரத்துப்பாளையம் அணையை எடுத்துக்கொள்வோம். 1992-ல் பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டினார்கள். வரைபடத்தில் அழகான நீலம். ஆனால் அதில் தேங்கியது சாயக்கழிவு. தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயி, திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சும் விபரீதம் நடந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு பக்கம் விவசாயி நிலம் இழந்தான். மறு பக்கம் சாயப்பட்டறைத் தொழிலாளி வேலை இழந்தான். லாபம் எடுத்தவன் எங்கே நின்றான் என்று சொல்லத் தேவையில்லை. நீலக் கோட்டை அப்படியே நகல் எடுக்கிறவனுக்கு இந்தச் சேதி கிடைக்குமா? ஆற்றங்கரையில் வாழ்கிறவன் எழுதினால்தான் கிடைக்கும்.

ஏட்டை எறிந்துவிடலாமா?

இவ்வளவும் கேட்ட பிறகு, சர்க்கார் காகிதமே வேண்டாம், ஊரார் சொல்வதே வேதம் என்று சில தோழர்களுக்குத் தோன்றலாம். அது அவசரம். அதிலும் ஆபத்து இருக்கிறது.

எண்ணூரைப் பாருங்கள். 1996-ல் மத்திய சர்க்கார் அங்கீகரித்த கடலோர வரைபடம், எண்ணூர்க் கழியின் சுமார் 6,500 ஏக்கரைக் கட்டுமானம் கூடாத நீர்ப்பகுதி என்று காட்டியது. பின்னாளில் மாநில அதிகாரிகள் காட்டிய படத்தில் அந்தக் கழியையே காணோம்! மீனவர் தலைமுறை தலைமுறையாக வலை வீசும் நீர், காகிதத்தில் காய்ந்து போயிற்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கிய பதில்களால் 2017-ல் இந்த அக்கிரமம் அம்பலமானது. இங்கே கவனியுங்கள். மீனவரின் கையில் இருந்த ஆயுதங்கள் இரண்டு. ஒன்று, கழி இங்கே இருக்கிறது என்ற கண்கண்ட அறிவு. மற்றது, 1996-ன் சர்க்கார் படம். புதிய பொய்ப் படத்தைப் பழைய மெய்ப் படம் காட்டிக் கொடுத்தது! பழைய காகிதத்தை எறிந்திருந்தால் இந்த ஆயுதம் ஏது?

திருப்பூரிலும் இதே கதைதான். ஓடையை மூடி மனை போட்டவன் ஊர்க்காரன்தான். அவனைக் கேட்டால், இங்கே ஓடையே இருந்ததில்லை என்று சத்தியம் செய்வான். அவன் வாயை அடைப்பது எது? நீர்நிலைப் புறம்போக்கு என்று எழுதியிருக்கும் பழைய புலப்படம்! ஊர் அறிவு என்றால் ஊர்ப் பண்ணையாரின் அறிவா? ஊர்த் தெருவில் இருப்பவர்களை மட்டும் கேட்டால், சேரிக்குப் போகும் பாதையும் சேரியாரின் சுடுகாடும் படத்தில் வருமா? லைன் வீட்டில் பத்து வருடமாக இருக்கும் ஒடிசாத் தொழிலாளிக்குத் தெரிந்தது ஊர் அறிவு இல்லையா? குழாயடியில் நிற்கும் தாய்மார்களைக் கேட்காமல் குடிநீர்க் குழாயைக் குறிக்க முடியுமா? அங்கே வாழ்கிறவர் அனைவரின் அறிவும் சேர்ந்ததுதான் ஊர் அறிவு.

சர்க்கார் காகிதத்தைக் கண்மூடி நம்பினால் என்னவாகும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம், யு.டி.ஆர். என்ற மூன்றெழுத்தே போதும். 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கிறோம் என்று தமிழ்நாடு முழுவதும் நடந்த வேலை அது. ஒருவன் நிலம் இன்னொருவன் பெயரில் ஏறியது. பெயர் மாறியது, பரப்பு மாறியது. பட்டா திருத்தம் கேட்டு இன்றைக்கும் காரியாலயப் படி ஏறும் குடும்பங்கள் எத்தனை! ஒரு முறை ஏட்டில் ஏறிய பிழையை இறக்க ஓர் ஆயுள் போதவில்லை. அந்தப் பதிவேட்டை அப்படியே மக்கள் படத்தில் இறக்கினால், அந்தப் பிழைக்கு மக்களின் முத்திரையையும் நாமே குத்திக் கொடுத்தவர்கள் ஆவோம்.

பெயர்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘காலனி’ என்ற சொல் வசைச் சொல்லாகிவிட்டது, சர்க்கார் ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். பழைய பட்டியலைப் பாராமல் இறக்குகிறவன் அந்தச் சொல்லையும் கூடவே இறக்குகிறான். அங்கே வாழும் மக்கள் தங்கள் தெருவுக்கு என்ன பெயர் சொல்கிறார்களோ, அந்தப் பெயர்தான் படத்தில் இருக்க வேண்டும்.

கல்யாசேரி காட்டிய வழி

அப்படியானால் எதுதான் வழி? பக்கத்து மாநிலமே காட்டியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் திருவனந்தபுரத்துப் புவியியல் ஆய்வு மையமும் சேர்ந்து, கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரி முதலிய ஊராட்சிகளில் வள வரைபடம் தயாரித்தன. தோழர் ஈ.கே. நாயனார் பிறந்த ஊர் கல்யாசேரி. அங்கே தொண்டர்கள் என்ன செய்தார்கள்? சர்க்காரின் கிராமப் புலப்படத்தை எடுத்தார்கள். எறியவில்லை, கும்பிடவும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு காடு காடாக நடந்தார்கள். எந்த நிலத்தில் என்ன பயிர், எங்கே தண்ணீர், எங்கே என்ன மண் என்று ஊர் மக்களையே வைத்துக் குறித்தார்கள். 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்கு இத்தகைய முயற்சிகள் முன்னோடி ஆயின. பிரான்சு நாட்டிலும் பொது வரைபடத் தொண்டர்கள் சர்க்காரின் நிலப்பதிவுப் படத்திலிருந்து கட்டடங்களை எடுத்தபோது, ஊர் ஊராகச் சரிபார்த்தே சேர்த்தார்கள்.

சர்க்கார் தாள் அடியில். மக்களின் கோடு மேலே. இதுதான் வழி. திருப்பூரில் இதைச் செய்ய ஆள் பலம் இல்லையா? 60 வார்டுகளிலும் நம் தோழர்கள் இருக்கிறார்கள். தொழிலாளி ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நடக்கக் கால் இருக்கிறது. சர்க்கார் பட்டியலில் பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதித்திருப்பதை எடுங்கள். ஒரு தெருவுக்கு உரியதை மட்டும் எடுங்கள். அந்தத் தெருவாரிடம் காட்டுங்கள். நடந்து பார்த்து, சரியானதைச் சேருங்கள், தவறானதை விடுங்கள். நடந்தவன் குறித்ததைக் காகிதத்தை நம்பி அழிக்காதீர்கள். எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். நாளை தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

சட்டம் குறுக்கே வருமா? 2016-ல் மத்திய சர்க்கார் ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. அனுமதியின்றி நிலத் தகவல் சேகரித்தால் 1 கோடி முதல் 100 கோடி ரூபாய் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை என்றது! எதிர்ப்பு எழுந்தது; அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரியில் அதே மத்திய சர்க்கார் வரைபடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. பெரிய கம்பெனிகளின் வசதிக்குத்தான் கதவைத் திறந்தார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. திறந்த கதவில் தொழிலாளியும் நுழையட்டும்!

ஓர் எச்சரிக்கையோடு முடிப்போம். ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டு வாழும் மக்களை ஆக்கிரமிப்பாளர் என்று முத்திரை குத்தி விரட்டக் காத்திருப்போர் உண்டு. நாம் போடும் படம் அவர்களுக்கு விரட்டும் பட்டியலாகிவிடக் கூடாது. ஆகவே ஆட்களின் பெயர் வேண்டாம். எந்த வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, எதற்கு இல்லை என்ற விவரம் வேண்டாம். தெரு, குழாய், கழிப்பிடம், பாலவாடி, ரேஷன் கடை, வெள்ளம் ஏறும் இடம், தப்பி ஏறும் மேடு, 108 வண்டி நுழையும் வழி இவற்றைக் குறிப்போம். வேறு எதைக் குறிக்கலாம், எதைக் குறிக்கக் கூடாது என்பதை அந்த மக்களே கூட்டம் போட்டுத் தீர்மானிக்கட்டும். எண்ணூரில் கழியை அழித்த கைகள் எங்கும் உண்டு. நைரோபி நகரத்துக் கிபேராவில் பெருந்திரளான ஏழைகள் வாழ்ந்த குடியிருப்பை, சர்க்கார் வரைபடம் வெறும் காடாகவே காட்டி வந்தது. 2009-ல் அங்கத்து இளைஞர்களே நடந்து அதைப் படத்தில் ஏற்றினார்கள். ஆப்பிரிக்க ஏழை இளைஞன் செய்ததை, 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திக் காட்டிய தொழிலாளி வர்க்கத்தால் செய்ய முடியாதா?

முடியும். தாள் சர்க்காருடையதாக இருக்கட்டும்; பேனா நம் கையில் இருக்கட்டும்!